பாதுகாவலர் திருநாளில் யாருக்கு என்ன வேலை

சென்னைக் கடற்கரையை ஒட்டி வடக்கிலிருந்து தெற்கே போகிறவர், வழியில் வரும் பெயர்களுக்குள் சில நாடுகள் தங்கள் பாதுகாவலர்களாகக் கொண்ட கிறிஸ்தவப் புனிதர்கள் இருப்பதைக் கவனிக்காமலே கடந்துவிடக்கூடும். ராயபுரத்துக்குத் தெற்கே நிற்கும் புனித ஜார்ஜ் கோட்டை இங்கிலாந்தின் பாதுகாவலர் பெயரைத் தாங்கியது. எழும்பூரில் 1821இல் கட்டி முடிக்கப்பட்ட கர்க் ஆலயம், ஸ்காட்லாந்துக்காரர்கள் தங்கள் பாதுகாவலரான புனித அந்திரேயாவுக்கு எழுப்பியது. கடலூர் தேவனாம்பட்டினத்தில் ஆங்கிலேயக் கம்பெனி 1690இல் வாங்கிய கோட்டைக்கு, வேல்ஸ் வழிவந்த ஆளுநர் எலிஹு யேல் காலத்தில், வேல்ஸின் பாதுகாவலர் புனித டேவிட்டின் பெயர் வந்தது. அயர்லாந்தின் புனித பேட்ரிக்குக்கு இந்தக் கரையில் கோட்டை எதுவும் இல்லை. ஆனால் 1842இல் அயர்லாந்திலிருந்து கப்பலேறி வந்த பிரசன்டேஷன் சபைக் கன்னியர் இன்றைய ஜார்ஜ் டவுனில் பள்ளி தொடங்கினார்கள். 1875இல் வந்த புனித பேட்ரிக் சபைச் சகோதரர்கள் அடையாற்றில் அவர் பெயரிலேயே பள்ளி நடத்துகிறார்கள்.

நான் ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவன். இந்த நால்வரின் பெயர்களும் நம் ஊரில் கல்லிலும் பலகையிலும் நின்றுவிட்டன; அவர்களுடைய திருநாள்கள் அவரவர் நாட்டில் எப்படி நிற்கின்றன என்று தேடிப் படிக்கத் தொடங்கியபோது ஒரு செய்தி என்னைப் பெரிதும் யோசிக்க வைத்தது. அரசு விடுமுறை கொடுத்த நாளெல்லாம் மக்கள் விழாவாகிவிடவில்லை. விடுமுறையே இல்லாத நாள் ஒன்று ஊர் முழுவதும் தெருவில் நிற்கும் விழாவாகியிருக்கிறது. எங்கள் பங்குத் திருவிழாவைச் சிறுவயது முதல் பார்த்து வந்தவன் என்ற முறையில், இந்த வேறுபாட்டுக்கு ஒரே ஒரு காரணம்தான் எனக்குத் தோன்றுகிறது. அந்த நாளில் சாதாரண மனிதர் தம் கையால் செய்வதற்கு ஒரு வேலை இருக்கிறதா என்பதுதான் அது.

ராயபுரம் புனித ராயப்பர் ஆலயம் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் படகோட்டிச் சமூகத்தார் எழுப்பியது. துறைமுகம் இல்லாத காலத்துச் சென்னையில், நங்கூரமிட்டு நின்ற கப்பல்களிலிருந்து அலைகளைக் கடந்து மசூலாப் படகுகளில் ஆட்களையும் சரக்கையும் கரை சேர்த்தவர்கள் அவர்கள். மீனவராக இருந்து இயேசுவின் திருத்தூதரானவர் ராயப்பர் என்ற பேதுரு; அவருக்கும் சின்னப்பர் என்ற பவுலுக்கும் உரிய பெருவிழா ஜூன் 29. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15இல் தொடங்கி ஜூன் 14இல் முடிகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், வடசென்னைக் கடற்கரையில் இந்தத் திருநாள் ஏன் அவ்வளவு உயிரோடு இருக்கிறது என்பது விளங்கும். 61 நாள் கரையில் கிடந்த விசைப்படகுகள் காசிமேட்டிலிருந்து மீண்டும் கடலுக்குப் போய், முதல் வரவு கைக்கு வந்திருக்கும் நேரத்தில் பாதுகாவலரின் நாள் வந்து சேர்கிறது. கடன் அடைத்தது போக மிஞ்சியதில் ஒரு பங்கு மெழுகுவர்த்திக்கும் பூமாலைக்கும் போகும்.

நம் பகுதியின் எந்தப் பங்குத் திருவிழாவின் அழைப்பிதழை எடுத்துப் பார்த்தாலும், திருவிழாவுக்கு முந்திய ஒன்பது நாள் வழிபாடான நவநாளில் ஒவ்வொரு நாளுக்கும் எதிரே ‘சிறப்பிப்போர்’ என்று ஒரு வரி அச்சிட்டிருப்பார்கள். ஒரு நாள் ஒரு தெருவின் அன்பியத்தார் (அத்தெருக் கிறிஸ்தவக் குடும்பங்களின் குழுவினர்), மறுநாள் பள்ளி ஆசிரியர்கள், அதற்கடுத்த நாள் மீன் வியாபாரம் செய்யும் பெண்கள் என்று அந்தப் பட்டியல் நீளும். அன்றைக்குப் பூ வாங்குவது, பாடலுக்கு ஆள் சேர்ப்பது, திருப்பலி முடிந்து பொங்கலோ சுண்டலோ கொடுப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. கொடிமரத்துக்கு வண்ணம் அடிப்பவர் ஒருவர், சீரியல் விளக்குக் கட்டுபவர் ஒருவர், தேருக்குப் பூவலங்காரம் செய்யும் குடும்பம் ஒன்று, பேண்டு வாத்தியத்துக்கு முன்பணம் கொடுத்துவிட்டு வருபவர் ஒருவர். தேர் தெருவுக்குள் வரும்போது வாசலில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டுக் காத்திருக்கும் இந்து வீடுகளும் உண்டு. அந்தக் கோலம் அவர்களுடைய வேலை. இத்தனை பேர் கைபட்டது என்பதனால்தான் அந்த நாள் ஊருடையது என்று சொல்ல முடிகிறது. மறையுரை எவ்வளவு நன்றாக அமைந்தாலும் அதை மட்டும் கேட்டுவிட்டுப் போகும் ஒருவருக்கு அந்த உரிமை உணர்வு வராது என்றே நினைக்கிறேன்.

இந்த அளவுகோலோடு அயர்லாந்தைப் பார்க்கலாம். ஒரு புனிதரின் நாள் ஒரு நாட்டின் அடையாளமாகவே மாறியதற்கு மார்ச் 17ஐ விடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. பேட்ரிக் அயர்லாந்தில் பிறந்தவர் அல்லர். ரோமானியப் பிரிட்டனில் பிறந்து, ஏறத்தாழ 16 வயதில் கடற்கொள்ளையரால் பிடிக்கப்பட்டு, அயர்லாந்தில் ஆறு ஆண்டுகள் அடிமையாக ஆடு மேய்த்தவர். தப்பி ஊர் திரும்பிய பிறகு, தம்மை அடிமையாக்கிய அதே நாட்டுக்கு ஆயராக மீண்டும் வந்தவர். இவையெல்லாம் 5ஆம் நூற்றாண்டில் அவரே இலத்தீனில் எழுதிய வாக்குமூலத்திலிருந்து தெரியவருகின்றன. பாம்புகளை விரட்டினார் என்ற கதை பின்னால் சேர்ந்தது. பனியூழிக்குப் பிறகு அந்தத் தீவில் பாம்பு இருந்ததே இல்லை. ஆனாலும் தம்மைச் சிறைப்பிடித்த மக்களிடமே திரும்பி வந்தவர் என்ற ஒன்றே அவரை அவர்களுடைய மனிதராக்கப் போதுமானது.

அவருடைய நாள் நெடுங்காலம் வீட்டுக்குள்ளும் ஆலயத்துக்குள்ளும் நடந்த நாள். தவக்காலத்தின் நடுவில் வருவதால் அன்று நோன்பு தளரும், இறைச்சி சமைப்பார்கள். காலையில் திருப்பலிக்குப் போகும்போது, மூன்று இலை கொண்ட ஷாம்ராக் செடியின் சிறு கொத்தை மேலாடையில் குத்திக்கொள்வார்கள். அயர்லாந்துக்காரர் இதை அணிந்ததை 1681இலேயே ஓர் ஆங்கிலப் பயணி எழுதி வைத்திருக்கிறார். சிறுவர்கள் காகிதத்தில் சிலுவை வரைந்து வண்ணம் தீட்டிச் சட்டையில் அணிந்தார்கள். சிறுமிகள் பட்டு நாடாக்களைப் பூவாகச் சுருட்டிக்கொண்டார்கள். பிள்ளைகள் பிழைப்புத் தேடி அமெரிக்காவுக்கும் இங்கிலாந்துக்கும் போன பிறகு, தாய்மார்கள் ஷாம்ராக்கைப் பறித்துச் சிறு பெட்டியில் வைத்து, மார்ச் 17க்குள் போய்ச் சேரும்படி தபாலில் அனுப்பினார்கள். கடல் கடந்து போகும்போது இலை வாடியிருக்கும். அதையே அணிந்துகொண்டு திருப்பலிக்குப் போயிருப்பார்கள். செலவில்லாத ஒரு செடி, வயல் ஓரத்தில் குனிந்து பறிக்க வேண்டியது, எவரும் செய்யக்கூடியது. அந்த நாளின் வேர் இதில்தான் இருக்கிறது என்று நான் கருதுகிறேன். 1952இல் வாஷிங்டனில் இருந்த அயர்லாந்துத் தூதர் அமெரிக்க அதிபர் ட்ரூமனுக்கு ஒரு பெட்டி ஷாம்ராக் அனுப்பியதில் தொடங்கி, இன்று ஆண்டுதோறும் அயர்லாந்துப் பிரதமரே வெள்ளை மாளிகைக்குப் போய்க் கிண்ணம் நிறைய ஷாம்ராக் கொடுக்கும் வழக்கமும், அந்தத் தாய்மார் செய்ததன் நீட்சியே.

ஊர்வலம் என்பது வெளியூரில் பிறந்தது. நியூயார்க்கில் 1762இல் பிரிட்டிஷ் படையில் இருந்த அயர்லாந்து வீரர்கள் தங்கள் பாதுகாவலர் நாளில் அணிவகுத்து நடந்தார்கள். 1840களில் அயர்லாந்தைத் தாக்கிய பஞ்சத்துக்குப் பிறகு லட்சக்கணக்கில் வந்து இறங்கிய ஏழை அயர்லாந்துக்காரர்கள், தாங்கள் இழிவாக நடத்தப்பட்ட அதே நகரத்தின் தெருக்களில், பிறந்த மாவட்டத்தின் பெயர் தாங்கிய பதாகையின் பின்னால் நடந்தபோது, அந்த நடையே தாங்கள் இங்கே இருக்கிறோம் என்று சொல்லும் செயலாயிற்று. சிகாகோவில் 1962 முதல் ஆற்றைப் பச்சையாக்குபவர்கள் குழாய்த் தொழிலாளர் சங்கத்தார். கழிவு எங்கிருந்து ஆற்றில் கலக்கிறது என்று கண்டுபிடிக்க அவர்கள் பயன்படுத்திய சாயமே அந்த யோசனையைத் தந்தது. தம் தொழிற்கருவியையே பாதுகாவலர் முன் கொண்டுவந்து வைத்தவர்கள் என்று அவர்களை நான் மதிக்கிறேன். படகுக்குத் தோரணம் கட்டும் காசிமேட்டுக்காரர்களுக்கு இது எளிதாகப் புரியும்.

தாய்நாட்டில் அரசு செய்தவை வேறு வகையானவை. ஜேம்ஸ் ஓமாரா என்ற உறுப்பினரின் முயற்சியால் 1903இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் மார்ச் 17ஐ அயர்லாந்தில் பொது விடுமுறையாக்கியது. விடுதலைக்குப் பிறகு வந்த அரசு, நாளின் புனிதம் கெடக்கூடாது என்று அன்று மதுக்கடைகளை மூடச் சட்டம் போட்டது. அது பல பத்தாண்டுகள் நீடித்தது. 1931இல் டப்ளினில் அரசு சார்பில் அணிவகுப்பு நடந்தது. 1950களில் அந்த அணிவகுப்பு உள்நாட்டுத் தொழில்களை ஊக்குவிக்கும் கண்காட்சியாக மாறி, நிறுவனங்கள் தங்கள் சரக்குகளை ஏற்றிய லாரிகளை வரிசையாக ஓட்டிச் சென்றன. குளிரில் ஓரத்தில் நின்ற மக்கள் லாரிகள் கடந்து போவதைப் பார்த்தார்கள். அவர்கள் செய்வதற்கு அதில் எதுவும் இல்லை. அமெரிக்காவில் நடந்த விழாவுக்கு முன்னால் தாய்நாட்டு விழா சோபை இழந்து நின்றது என்று அவர்களே உணர்ந்து, 1995இல் தனிக் குழு அமைத்து, அடுத்த ஆண்டு முதல் டப்ளினில் புதிய முறையில் விழா எடுத்தார்கள். கலைஞர்களும் உள்ளூர்க் குழுக்களும் முகமூடியும் பொம்மைகளும் செய்து நடந்து வரும் விழாவாக அது வளர்ந்தது. அந்த விழாவில் சுற்றுலா வருமானத்துக்கும் குடிக்கும் இடம் அதிகமாகிவிட்டது என்ற வருத்தம் அயர்லாந்திலேயே உண்டு. அந்த வருத்தம் நியாயமானது. ஆயினும் மார்ச் 1 முதல் 17 வரை ஐரிஷ் மொழியைப் பேசவும் பாடவும் செய்யும் ‘ஐரிஷ் வாரம்’ அதே நாளில் வந்து முடிவதைப் பார்க்கும்போது, அந்த நாளுக்குள் இன்னும் உள்ளீடு இருக்கிறது என்று நம்பத் தோன்றுகிறது.

பேட்ரிக் நாளைப் பற்றிப் படித்தவற்றில் என் மனத்தை அதிகம் தொட்டது கரீபியக் கடலில் உள்ள மான்ட்செராட் என்ற சிறு தீவின் கதை. அங்கே அயர்லாந்திலிருந்து போய்க் குடியேறியவர்கள் பலர். அவர்களில் ஆப்பிரிக்க அடிமைகளை வைத்துக் கரும்புத் தோட்டம் நடத்தியவர்களும் உண்டு. 1768 மார்ச் 17 அன்று எசமானர்கள் தங்கள் பாதுகாவலர் நாளில் குடித்து மகிழ்ந்திருப்பார்கள் என்று கணக்கிட்டு அடிமைகள் கிளர்ச்சிக்குத் திட்டமிட்டார்கள். திட்டம் முன்பே வெளியே தெரிந்துவிட்டதால் கிளர்ச்சி முறியடிக்கப்பட்டு, தலைமை தாங்கியவர்கள் கொல்லப்பட்டார்கள். 1985 முதல் மார்ச் 17 அத்தீவில் பொது விடுமுறை. எசமானர்களின் புனிதரும், அந்த நாளில் உயிரைக் கொடுத்தவர்களும் ஒரே விழாவில் நினைக்கப்படுகிறார்கள். முன்பு அடிமையாக ஆடு மேய்த்த பேட்ரிக்கின் நாள், அடிமைகளின் நாளாகவும் ஆனதில் ஒரு நீதி இருப்பதாகவே எனக்குப் படுகிறது. 1990களில் எரிமலை வெடித்துத் தலைநகரமான பிளிமத் சாம்பலில் புதைந்த பின், மக்களில் பெரும் பகுதியினர் தீவை விட்டு வெளியேறினர். அவர்கள் ஊர் திரும்பும் காலமாக இன்று அந்த விழா வாரம் இருக்கிறது. முகமூடி ஆட்டக்காரர்கள் ஆடுவார்கள், ஆட்டிறைச்சிக் குழம்பு கொதிக்கும், பச்சை, ஆரஞ்சு, வெள்ளைக் கட்டங்கள் போட்ட துணியில் உடை தைத்து அணிவார்கள். கரீபியத் தீவுகளில் இத்தகைய கட்டம் போட்ட பருத்தித் துணிக்கு ‘மதராஸ்’ என்றே பெயர். கம்பெனிக் காலத்தில் இந்தக் கரையிலிருந்து கப்பலேறிய துணியின் வழித்தோன்றல் அது. கம்பெனிக்காகத் துணி வெளுத்தவர்கள் குடியிருந்த வண்ணாரப்பேட்டை என் வீட்டிலிருந்து நடந்து போகும் தொலைவில் இருக்கிறது.

இனி ஜார்ஜ். ரோமப் பேரரசில், பேரரசர் டயோக்ளிஷியன் காலத்தில் கிறிஸ்தவர்கள் துன்புறுத்தப்பட்ட வேதகலாபனையில், 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உயிர்நீத்த மறைசாட்சி என்று மரபு சொல்லும் இவர் இங்கிலாந்தில் கால் வைத்தவர் அல்லர். ஜார்ஜியா, எத்தியோப்பியா, காட்டலோனியா என்று பல நாடுகள் அவரைத் தங்கள் பாதுகாவலராகக் கொண்டாடுகின்றன. இங்கிலாந்தில் 1415இல் அவருடைய ஏப்ரல் 23 மிகப் பெரிய திருநாள்களில் ஒன்றாக உயர்த்தப்பட்டது. 18ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் அது தேய்ந்துபோயிற்று. இன்று அங்கே அதற்கு விடுமுறை கிடையாது. கொடி பறக்கிறது, சில ஆலயங்களில் வழிபாடு நடக்கிறது, சாரணர் இயக்கத்துப் பிள்ளைகள் அணிவகுத்து வந்து தங்கள் உறுதிமொழியைப் புதுப்பித்துக்கொள்கிறார்கள். அந்த நாள் இன்னும் உண்மையாக வாழும் இடம் அந்தப் பிள்ளைகளின் அணிவகுப்புதான் என்பேன். செய்ய வேண்டிய காரியம் அவர்களிடம் மட்டுமே மிஞ்சியிருக்கிறது.

அதே ஜார்ஜின் அதே ஏப்ரல் 23 பார்சிலோனாவில் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். காட்டலோனியாவில் அது வேலை நாள். அலுவலகங்களும் பள்ளிகளும் நடக்கும். ஆனால் காலை முதல் இரவு வரை தெருக்கள் முழுவதும் ரோஜாக் கடைகளும் புத்தகக் கடைகளுமாக இருக்கும். ஜார்ஜ் கொன்ற அரக்கப் பாம்பின் குருதியிலிருந்து ரோஜா முளைத்தது என்ற கதையை ஒட்டி ரோஜா கொடுக்கும் வழக்கம் பழையது. 15ஆம் நூற்றாண்டிலேயே அந்த நாளில் ரோஜாச் சந்தை கூடியது. 1926இல் பதிப்பாளர் ஒருவரின் யோசனையால் ஸ்பெயினில் தொடங்கிய புத்தக நாள், சில ஆண்டுகளில் ஏப்ரல் 23க்கு மாறி அதனோடு சேர்ந்துகொண்டது. ஆண் பெண்ணுக்கு ரோஜாவும், பெண் ஆணுக்குப் புத்தகமும் கொடுப்பது என்றிருந்தது, இன்று எவரும் எவருக்கும் இரண்டையும் கொடுப்பது என்றாகிவிட்டது. சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சியில் காட்டலான் மொழி பொதுவெளியிலிருந்து ஒடுக்கப்பட்டிருந்தது; அந்த மொழியில் ஒரு புத்தகத்தைத் தெருவில் வாங்கி மற்றொருவர் கையில் கொடுப்பதற்கு அப்போது எவ்வளவு பொருள் இருந்திருக்கும் என்பதைத் தமிழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. யுனெஸ்கோ 1995இல் ஏப்ரல் 23ஐ உலகப் புத்தக நாளாக அறிவித்ததற்கு இந்த வழக்கமே முன்மாதிரி. விடுமுறையும் அணிவகுப்பும் இல்லாமல், வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு பூவும் ஒரு நூலும் வாங்குவதை மட்டும் வைத்து ஒரு நாட்டினம் தன் பாதுகாவலர் நாளை நிலைநிறுத்திக்கொண்டிருக்கிறது.

வேல்ஸில் மார்ச் 1 அன்று பள்ளிப் பிள்ளைகள் லீக் என்ற வெங்காயக் குடும்பத்துக் கீரையையோ மஞ்சள் டாஃபடில் பூவையோ குத்திக்கொண்டு, மரபு உடையில் போய்ப் பாட்டும் கவிதையும் சொல்கிறார்கள். அதைப் பொது விடுமுறையாக்க வேண்டும் என்று 2000இல் அவர்களுடைய அவை ஒருமனதாக வாக்களித்தும் லண்டன் இணங்கவில்லை. நாள் அதனால் குறைந்துவிடவில்லை. ஸ்காட்லாந்து 2007இல் சட்டமியற்றி நவம்பர் 30ஐ வங்கி விடுமுறையாக்கியது. சட்டத்துக்குப் பிறகும் அந்த நாள், அயர்லாந்தின் நாளைப் போலத் தெருவில் இறங்கவில்லை.

இந்தியாவுக்குத் திருத்தூதர் தோமையார் இருக்கிறார். அவருடைய ஜூலை 3, எங்கள் ராயப்பர் திருநாளுக்கு அடுத்த நான்காம் நாள் வருகிறது. இந்தியா போன்ற பல சமய நாட்டில் ஒரு புனிதரின் நாள் தேசிய விழாவாக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கேட்பது முறையும் அல்ல. ஆனால் மயிலாப்பூரும் பரங்கிமலையும் இருக்கும் இந்த நகரத்தின் வடபகுதியில், அந்த நாளில் ஒரு திருப்பலிக்கு மேல் எதுவும் இல்லாமல் போவது எனக்கு வருத்தம் தருகிறது.

இவ்வளவையும் நான் எண்ணிப் பார்க்கக் காரணம், வடசென்னையில் நான் இப்போது சேர்ந்திருக்கும் சிறிய பங்கில் தேரைப் பற்றி எழுந்துள்ள பேச்சு. இத்தனை காலம் தோளில் சுமந்து வந்த சப்பரத்தை, சில ஆண்டுகளாக மின்னாக்கி பொருத்திய சிறு லாரியில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். அதற்குச் சொல்லப்படும் காரணங்கள் பொய்யல்ல. தெருவில் தாழத் தொங்கும் கம்பிகள், காவல்துறை கொடுக்கும் குறுகிய நேரம், இரவுப் பணிக்குப் போகும் இளைஞர்கள் என்று அவை எல்லாம் கண்முன் உள்ளவை. ஆனால் லாரி வந்த பிறகு, தேர்பவனியில் முன்பு தோள் மாற்றித் தோள் கொடுத்த இளைஞர்கள் ஓரத்தில் நின்று கைப்பேசியில் படம் எடுக்கிறார்கள். டப்ளின்காரர்கள் பல ஆண்டுகள் லாரிகளைப் பார்த்து நின்ற கதை எனக்கு அப்போதெல்லாம் நினைவுக்கு வருகிறது. நியூயார்க் ஊர்வலத்தில் இன்றுவரை அலங்கார வண்டிகளுக்கும் மோட்டார் வாகனங்களுக்கும் இடமில்லை. கலந்துகொள்பவர் நடந்தே வரவேண்டும் என்பது அவர்கள் விடாமல் காத்து வரும் விதி.

முழுத் தொலைவும் தோளில் போக முடியாது என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆலய வாசலிலிருந்து முதல் இரண்டு தெருக்களாவது பாதுகாவலர் தோளில் வரட்டும், பெரிய சாலையில் வண்டி ஏறட்டும் என்று பங்குப் பேரவைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். வலை பழுது பார்க்கும் இளைஞர்கள் சிலரும் பள்ளி முன்னாள் மாணவர்கள் சிலரும் தோள் கொடுக்கப் பெயர் தந்திருக்கிறார்கள். பெண்களும் சுமக்கலாமா என்று மரியாயின் சேனை என்ற பங்குப் பக்த சபையைச் சேர்ந்த அக்கா ஒருவர் கேட்டார். சுமக்கலாம் என்பதே என் கருத்து, அதையும் அந்தக் கடிதத்தில் சேர்த்திருக்கிறேன்.